ஸ்டியரிங்கும் செலவும்

சென்ற இதழில், கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயில்களில் இடம் பதிவு செய்துகொள்வது எவ்வாறு என்பது பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் ஸ்போர்ட்ஸ் கார்களைக் குறித்து எழுதப் புகுகிறோம் என்றால் சங்க அன்பர்கள் பலருக்குச் சிரிப்பு வரக்கூடும். ரயில்வே குமாஸ்தாவுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்? அதிலும், நாம் ஊழியம் புரியும் இலாகாவில் ஸ்டியரிங் என்ற சாமானே கிடையாது. எஞ்சின் ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வண்டியைத் திருப்புவது அவர் கையில் இல்லை. தண்டவாளம் வளையும் பக்கம் தானே வளைந்து செல்லும்படி, சக்கரத்தின் உருளும் பரப்பைச் சற்றே கூம்பு வடிவாகக் கடைந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூம்புதான் எம் இலாகாவின் ஸ்டியரிங்.

இருந்தும் இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், நம் குடியிருப்பில் நான்கு வீடுகள் தள்ளி வசிக்கும் ஓர் அம்மையார். நெல்லைச் சீமையிலிருந்து கணவருடன் புனே நகருக்கு வந்தவர். கணவர் காலமான பின் இட்லி மாவு அரைத்து விற்று மகனைப் படிக்கவைத்தவர். மகன் சாக்கன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஏழாண்டுகளாக வேலை பார்த்து 18 லட்ச ரூபாய் சேர்த்திருக்கிறான். அத்தொகையை முன்பணமாகக் கட்டி இரண்டு அறைகள் கொண்ட வீடொன்று வாங்கிவிடலாம் என்பது தாயாரின் கனவு. மகனோ 50 லட்ச ரூபாய் பெறுமான புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்துவைத்துவிட்டான். மீதித் தொகைக்கு வங்கிக் கடன், ஏழாண்டுத் தவணை. மாதத் தவணை மட்டுமே அவன் சம்பளத்தில் பாதிக்குமேல் விழுங்கிவிடும்.

“தம்பி, நீங்க பத்திரிகையில எழுதுறவங்க. நீங்க சொன்னா கேப்பான்” என்று அம்மையார் நம்மிடம் வந்து நின்றார். கண்டிப்பாகச் சொல்லித் தடுத்துவிடுவது என்ற தீர்மானத்துடனேயே நாம் சென்றோம். பையன் மரியாதை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க” என்றான். அதற்கு மேல் நியாயமான விடை நம்மிடம் இல்லை. ஓட்டுநர் லைசென்சு நம்மிடம் உண்டு. மைத்துனர் காரை அவ்வப்போது ஓட்டுவதும் உண்டு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விற்பனை நிலையத்துக்கு அவனுடன் புறப்பட்டோம்.

அந்தக் காரின் பெயர் இங்கு வேண்டாம். 300 குதிரைசக்திக்கு மேல். பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கைகள். அவற்றில் ஒன்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாம் அமர, பையன் ஓட்ட, விற்பனைச் சிப்பந்தி அவனருகில் உட்கார்ந்து விளக்கம் சொல்லிவந்தார். பிறகு ஒரு மைல் தூரம் நம் கையிலும் கொடுத்தார்கள். வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெடலைத் தொட்டவுடன் கழுத்து பின்னால் போயிற்று. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, ஆறிய கூழில் அகப்பையைத் திருப்புவது போலிருந்தது. சாலையோரம் ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தைக் கண் கண்டது, கை அறியவில்லை. இதைச் சொன்னதும் சிப்பந்தி ஒரு பொத்தானை அழுத்தினார். உடனே ஸ்டியரிங் கனத்தது. கூழ் களியாயிற்றே தவிர, ஜல்லி கைக்கு எட்டவில்லை. கனம் வேறு, செய்தி வேறு என்பது அன்று நமக்குப் புரிந்தது.

இறங்கியபின் பையனை, “இந்தக் காரில் உனக்கு எது பிடித்தது?” என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, “தொழிற்சாலையில நாள் பூரா திரையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி. ஏதாவது ஒண்ணைக் கையால உணரணும்னு இருக்கு” என்றான். தடுக்கச் சென்ற நமக்கு இந்த விடை சற்றுச் சங்கடத்தை உண்டாக்கிற்று. அவன் விரும்பியது ஆடம்பரம் என்று எண்ணியிருந்தோம். அவன் விரும்பியதோ, அந்த 50 லட்சத்துக்குள் இல்லாத ஒன்றாயிருந்தது.

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர், 80 வயதை நெருங்கியவர், 1990-களில் வாங்கிய மாருதி ஜென் ஒன்றைப் பதிவு புதுப்பித்து இன்றும் கண்ணாக வைத்திருக்கிறார். 1993-இல் வெளிவந்த அந்தச் சிறு வண்டிக்கு 1 லிட்டர் எஞ்சின், 50 குதிரைசக்தி, அவர் வைத்திருப்பதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நாம் போய் விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். அவர் ஓட்டக் கற்றது சென்னையில், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காப்பி ஆறிவிடும். 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட அக்கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்; ரேக்-பினியன் என்னும் பல்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட நேரடியான ஸ்டியரிங். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் கம்பெனியார் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆகவே, மாம்பலத்துச் சந்துகளில் நம் பெரியவர் திருப்பிய ஸ்டியரிங்குக்கும் இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடும்ப உறவு உண்டு. இதை அவர் இரண்டு முறை சொன்னார். நாமும் இரண்டு முறை கேட்டோம்.

ஜென்னை எடுத்துக்கொண்டு காத்ரஜ் கணவாய்க்குச் சென்றோம். நிற்கும்போது திருப்புவதற்குத் தோள் வலிக்கும் வண்டி அது. ஆனால் உருளத் தொடங்கியதும் ஸ்டியரிங்குக்கு உயிர் வந்தது. சாலையின் ஒட்டு, தார் உருகிய இடம், லாரிகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய பகுதி, எல்லாம் ஒவ்வொன்றாக விரலுக்கு வந்து சேர்ந்தன. ஒரு வளைவில் பாறையிலிருந்து நீர் கசிந்து சாலை நனைந்திருந்தது. அவ்விடத்தில் ஒரு கணம் ஸ்டியரிங் இலேசாயிற்று. கேட்காமலே நம் கால் பெடலிலிருந்து எழுந்தது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். பக்கத்தில் பையன் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழி முழுவதும் அவனே ஓட்டினான்.

அந்த இலேசான கணம் எப்படி உண்டாயிற்று என்பதை அவனே பின்னர் நமக்கு விளக்கினான். படித்த பிள்ளை, நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். விளங்கிய மட்டில் எழுதுகிறோம்.

டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. வண்டி வளையும்போது அந்த உள்ளங்கையளவு ரப்பர் சற்றே முறுக்கிக்கொள்கிறது. முறுக்கிய ரப்பர் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் தடத்தின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுவதால், சக்கரம் நேராகத் திரும்பிவிடப் பார்க்கிறது. சைக்கிளின் முன் கவையைப் போலச் சக்கரம் திரும்பும் அச்சைச் சாய்த்து வைப்பதும் இதற்குத் துணை செய்கிறது. கையில் நாம் உணரும் எதிர்ப்பின் பெரும்பகுதி இதுதான். இனி வியப்பான சங்கதி. டயரின் பிடிமானம் தன் எல்லையை நெருங்க நெருங்க, தள்ளுதல் விழும் புள்ளி முன்னே நகர்ந்து வருகிறது. ஆகையால், டயர் முற்றும் வழுக்குவதற்குச் சற்று முன்பே கையில் கனம் குறையத் தொடங்கிவிடுகிறது. படியில் கால் வைக்குமுன் கைத்தடி சொல்வது போல, இது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை. ஓட்டுபவன் இதைப் படிக்கக் கற்றுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் மணலும் அவனுக்குத் தெரியும்.

இந்தச் செய்தி டயரிலிருந்து கைக்கு வரும் வழியில்தான் தடைகள் நேர்கின்றன. பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். எண்ணெயின் அழுத்தம் பல்சட்டத்தைத் தள்ள உதவும். எண்ணெய் ஓரளவு சாலையின் உதையையும் திரும்ப அனுப்பும். புதிய முறையில் பம்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஸ்டியரிங் தண்டில் உள்ள மெல்லிய முறுக்குக் கம்பி எவ்வளவு முறுக்குகிறது என்பதை ஒரு கருவி அளக்க, கம்ப்யூட்டர் கணக்கிட்டு மின்சார மோட்டாருக்குக் கட்டளையிடுகிறது. 1988-இல் ஜப்பானில் சுஸுகி கம்பெனியின் செர்வோ என்ற சிறு காரில் இது வந்தது. இன்று பெரும்பாலான கார்களில் இதுவே. மோட்டாரின் சுழலும் எடையும் அதன் பற்சக்கரங்களின் உராய்வும் சாலையின் மெல்லிய நடுக்கங்களை விழுங்கிவிடுகின்றன. எஞ்சியதில் கம்ப்யூட்டர் ‘வேண்டாதது’ என்று கருதுவதை அழித்துவிடுகிறது.

கம்பெனிகள் இதை வஞ்சகத்தால் செய்ததாகச் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பம்பு நேர்ச்சாலையிலும் ஓயாமல் எஞ்சினின் சக்தியை உண்ணும். மின்சார மோட்டாரோ திருப்பும்போது மட்டுமே உழைக்கும். எரிபொருள் மிச்சம். கார் தானே வரிசையில் ஓடவும், தானே ஒதுங்கி நிற்கவும் வேண்டுமானால் அந்த மோட்டார் இன்றியமையாதது. அலுவலகத்திலிருந்து களைத்து வருபவருக்கு, உணர்ச்சியற்ற மெத்தென்ற ஸ்டியரிங் ஒரு சுகமும் ஆகும். குறை எங்கே எழுகிறதென்றால், ‘உணர்ச்சிக்காகவே இக்கார்’ என்று சொல்லி விலை வாங்கும் இடத்தில்.

மேல்நாட்டில் இந்த வழக்கு பலகாலமாக நடக்கிறது. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 2011-இல் தன் 911 காருக்கு மின்சார ஸ்டியரிங் வைத்தபோது, பழைய 911-இன் கைச்செய்தி போயிற்றென்று விமர்சகர்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் அதைத் திருத்தித் திருத்திச் செப்பனிட்டார்கள். இங்கிலாந்தின் மெக்லாரன் கம்பெனியாரோ 2021-இல் அறிமுகப்படுத்திய ஆர்ட்டுராவிலும் எண்ணெய் முறையை விடவில்லை. லோட்டஸ் கம்பெனியின் எலிஸ் 1996-இல் வந்தபோது எடை 725 கிலோ அளவுதான். 2021-இல் நிறுத்தப்படும் வரை அதற்குப் பவர் ஸ்டியரிங்கே வைக்கவில்லை. முன்சக்கரங்களின் மேல் எஞ்சின் இல்லை, எடையும் இல்லை, உதவி எதற்கு?

ஆனால் நம் போன்றோர் கவனிக்கத்தக்க உதாரணம் ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்.-5. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் காட்டப்பட்டது. 1.6 லிட்டர் எஞ்சின். இருவர் மட்டும் அமரலாம். அமெரிக்காவில் தொடக்க விலை 13,800 டாலர். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாவது என்று பொருள்படும் ‘ஜின்பா இட்டாய்’ என்ற சொல்லைக் குறிக்கோளாக வைத்துச் செய்தார்கள். 2016-இல் 10 லட்சமாவது கார் வெளிவந்தது. இன்றைய நான்காம் தலைமுறையிலும் மேற்கூரை துணியாலான வண்டி 1,100 கிலோவுக்குள் நிற்கிறது. அதிலும் மின்சார ஸ்டியரிங்தான். எனினும் 2024 மாதிரிக்கு ரேக்கின் உராய்வைக் குறைத்துத் திருத்தினார்கள். ஆகவே மின்சாரத்தை மட்டும் பழிப்பது சரியாகாது. எடை குறைவு, ஒல்லியான டயர், உராய்வு குறைந்த ரேக், முன்புறம் பாரமில்லாத எஞ்சின் ஆகியவை கூடினால் மோட்டாரும் பேசக் கற்றுக்கொள்ளும் போலும். 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த காரில், எரிபொருள் மிச்சத்துக்குப் பேர்போன பிரியஸ் காருக்குத் தந்த அதே ரகத்து டயரைப் பூட்டியிருந்தார்கள். கஞ்சத்தனம் என்று சிலர் பரிகசித்தார்கள். பிடிமானத்தின் எல்லை சிறு வேகத்திலேயே எட்டட்டும், ஓட்டுபவன் அதை உணரட்டும் என்பதே கருத்து.

விலையைப் பாருங்கள். 2024-இல் அமெரிக்காவில் மியாட்டாவின் தொடக்க விலை 29,000 டாலர் அளவு. அதே ஆண்டில் 911 வாங்க 1,10,000 டாலருக்கு மேல் வேண்டும். நான்கு பங்கு கொடுத்தால் நான்கு பங்கு வேகம் கிடைப்பதில்லை; நான்கு பங்கு கைச்செய்தி கிடைப்பது நிச்சயமாக இல்லை.

நம் தேசத்தில் கணக்கு இன்னும் கோணலானது. மியாட்டாவை இங்கு கம்பெனியார் விற்பதில்லை. வெளிநாட்டில் முழுதாகச் செய்து வரும் காருக்குச் சுங்கவரி நெடுங்காலமாகக் காரின் விலையையே தொட்டு நின்றிருக்கிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி.; 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. பின்னர் மாநிலச் சாலை வரி, காப்புறுதி. இவ்வளவும் கொடுத்து 300 குதிரைகளை வீட்டுக்கு ஓட்டி வந்தபின், அவற்றை அவிழ்த்துவிட இடமேது? 2018 அறிவிப்பின்படி எக்ஸ்பிரஸ் சாலைகளில் கார்களுக்கு உச்ச வரம்பு 120 கிலோமீட்டர்; மும்பை-புனே எக்ஸ்பிரஸ் சாலையில் 100-தான், மலைப்பகுதியில் அதனினும் குறைவு. நம் தெருவின் வேகத்தடைகளில் தாழ்ந்த கார்களின் வயிறு உரசும் ஓசையை நாமே கேட்டிருக்கிறோம். பந்தயத் தளத்துக்குப் போகலாமே என்றால், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளமும் கோயமுத்தூரின் காரி ஸ்பீட்வேயும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தக் காரிக்குப் பெயர் தந்த கரிவரதன் அவர்கள் வடிவமைத்த ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளில் இருந்ததும் மாருதி 800-இன் சிறு எஞ்சின்தான். கோவையின் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1 வரை சென்றவர், ஃபார்முலா மாருதியிலும் ஓட்டியவரே.

குதிரைசக்தி நம் சாலைகளில் செல்லாத நாணயம். ஸ்டியரிங் சொல்லும் செய்தியோ காத்ரஜில் 40 கிலோமீட்டரில் செலவாகிறது. பால் வாங்கப் போகும்போதும் செலவாகிறது. பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர், விலைப் பட்டியலில் முதல் வரியில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு, அச்சிடாத இதைக் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். எந்தக் காரானாலும் ஐந்து நிமிஷ ஓட்டம் போதாது. தேய்ந்த சாலை, ஈரச் சாலை, ஒரு மலைவளைவு, இவை மூன்றிலும் ஓட்டிப் பார்க்கட்டும். பொத்தானை அழுத்தி வரும் கனத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். பழைய காரானால் முன்சக்கர மூட்டுகளையும் ரப்பர் புஷ்களையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அவை தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஸ்டியரிங்கும் பொய் சொல்லும். வேறு மாநிலப் பதிவாக இருந்தால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, மீண்டும் சாலை வரி என்று அலைச்சல் உண்டு. இட மாற்றலில் வந்த நம்மவர்கள் பலர் இதைப் பட்டறிந்தவர்களே.

பையன் 50 லட்சத்துக் காரின் முன்பதிவை ரத்து செய்துவிட்டான். தாயாருக்கு நிம்மதி, ஆனால் அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மும்பையில் 2009 மாதிரிப் பழைய இருவர் கார் ஒன்று, எண்ணெய் ஸ்டியரிங் உடையது, 12 லட்சத்துக்கு விற்பனைக்கு வந்திருப்பதாக ஒரு தகவல் கொண்டுவந்தான். கடன் வேண்டாமாம், மீதி 6 லட்சத்தை வீட்டுக்கென்று வங்கியில் போட்டுவிடுவானாம், இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்றால் பெரும் நஷ்டம் வராதாம். உதிரிச் சாமான் விலையை விசாரித்தாயா என்று கேட்டோம். விசாரித்த பட்டியலையே காட்டினான். பிரேக் தட்டும் டயரும் நம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டின. அதையும் அவன் மறைக்கவில்லை.

“தடுக்கச் சொன்னா, நீங்களும் சேந்து ஓட்டிட்டு வந்திருக்கீங்களே, தம்பி!” என்று அம்மையார் நம்மைக் கடிந்துகொண்டார். கடிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்த 18 லட்சத்துக்குள் அவர் அரைத்த மாவும் இருக்கிறது. வீடு முதலில், கார் பின்னர் என்று பையனிடம் இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவன் கேட்பது வீண் ஆசை என்று முன்போல் உறுதியாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

வரும் ஞாயிறன்று மும்பை சென்று அந்தக் காரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியவரின் ஜென்னிலேயே மூவரும் போகிறோம். அம்மையார் தாமும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாராம். கார் முடிவானால் அதிலே இருவருக்கே இடம். ஜென்னை யார் ஓட்டி வருவது என்று கேட்டபோது எல்லாரும் நம்மையே பார்த்தார்கள்.